நாள்பட்ட தலைவலியும் தேர்வுத் தயாரிப்பும்: மனம் சரியும்போது இலக்கை என்ன செய்வது?

குறிஞ்சிமலர் (விருதுநகர்)

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 2 தேர்வுக்குப் படித்துவருகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்குத் தலைவலி உண்டு. இப்போது மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் வருகிறது. பெரும்பாலும் இடது நெற்றிப்பொட்டில் தொடங்கிக் கண்ணுக்குப் பின்னால் துடிக்கும். வெளிச்சமும் தாளிப்பு வாசனையும் தாங்க முடியாமல் போகும். வாந்தி எடுத்த பிறகுதான் சற்றுத் தணியும். வீட்டில் இதைச் சைனஸ் என்கிறார்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தது, கண்ணாடி மாற்றியது, தலைக்குக் குளிப்பதைக் குறைத்தது எல்லாம் நடந்தாயிற்று.

வலிக்கும் நாளை எப்படியோ கடந்துவிடுகிறேன்; எனக்குப் புரியாதவை வலிக்காத நாட்கள்தான். அன்றைக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது, புத்தகமும் எதிரில் இருக்கும். ஆனாலும் தொடர்ந்து படித்தால் மாலையில் வலி வந்துவிடுமோ என்ற எண்ணத்திலேயே படிப்பைத் தள்ளிப்போடுகிறேன். மாதிரித் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருந்துவிடுகிறேன். வலி வருவதற்கு முதல் நாள் காரணமில்லாமல் அம்மாவிடம் எரிந்து விழுகிறேன். வலி போன மறுநாள் பிழிந்துபோட்ட துணிபோலக் கிடக்கிறேன். உடன் படித்தவர்களில் சிலர் பணியில் சேர்ந்துவிட்டார்கள். இந்தச் சோர்வு நோயின் ஒரு பகுதியா, நோயால் வந்த விளைவா, அல்லது நான் இயல்பிலேயே சோம்பேறியா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. இப்படிப்பட்ட தலைவலியோடு நெடுநாள் இலக்கு ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருப்பவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

தாமரைக்குளம் (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

மகளே, பல தலைமுறை மாணவர்களைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். தேர்வு நெருங்கும்போது தலைவலியும் வயிற்றுவலியும் வராத பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. எல்லாச் சோர்வையும் நோய் என்று பெயரிட்டு அழைக்கத் தொடங்கினால், எழுந்து நடப்பதற்கான காரணம் குறைந்துகொண்டே போகும். விடியற்காலையில் எழுந்து குறித்த நேரத்தில் அமருங்கள். வலி வந்தால் வரட்டும் என்று உட்காருங்கள். மனம் உறுதிப்பட்டால் உடல் பின்தொடரும் என்பது என் அனுபவம். கைப்பேசியையும் சற்றுத் தள்ளி வையுங்கள்.

கடைவீதி மருந்தாளுநர் (திருநெல்வேலி)

சகோதரிக்கு வணக்கம். நான் மருத்துவன் அல்லன், மருந்துக்கடை நடத்துபவன். உங்கள் பதிவில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். வலி வரும்போது என்ன மாத்திரை போடுகிறீர்கள்? மாதத்தில் எத்தனை நாட்கள் போடுகிறீர்கள்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. பன்னாட்டுத் தலைவலிக் கழகத்தின் வகைப்பாட்டின்படி, மூன்று மாதங்களுக்கு மேலாக மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அவற்றுள் குறைந்தது 8 நாட்களில் மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியின் இயல்புகள் காணப்பட்டால், அதை நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்கிறார்கள். ஒருபக்கத் துடிப்பு, குமட்டல், வெளிச்சக் கூச்சம் ஆகிய நீங்கள் சொல்பவை அந்த இயல்புகளே. அதே வகைப்பாட்டில், மருந்தை அளவுக்கு மீறிய நாட்கள் எடுப்பதால் வரும் தலைவலி தனியாக இடம்பெற்றிருக்கிறது. ஏற்கெனவே தலைவலி நோய் உள்ள ஒருவர் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ எடுத்தாலும், காபீன் கலந்த கூட்டு மாத்திரைகளையோ ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்துகளையோ 10 நாட்களோ அதற்கு மேலோ எடுத்தாலும், அந்த வழக்கம் மூன்று மாதங்களைத் தாண்டும்போது மாத்திரையே தலைவலி நாட்களைப் பெருக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு நாளில் எத்தனை மாத்திரை என்பதைவிட மாதத்தில் எத்தனை நாட்கள் என்பதே இங்கே முக்கியம். கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இதை அறிந்திருப்பதில்லை. தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள், வலி வராமல் இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்வதையும் நான் பார்க்கிறேன். அது அச்சத்துக்காகப் போடப்படும் மாத்திரை. ஆனால் கணக்கில் அதுவும் ஒரு நாள்தான்.

சைனஸ் பற்றியும் ஒரு சொல். தமக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று தாமே முடிவு செய்திருந்த ஏறத்தாழ 3,000 பேரை அமெரிக்காவில் பரிசோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை என்று தெரியவந்தது. ஒற்றைத் தலைவலியின்போதும் மூக்கடைப்பும் கண்ணீரும் வரக்கூடும் என்பதால் இந்தக் குழப்பம் நேர்கிறது. காய்ச்சலும் கெட்டியான மஞ்சள் சளியும் இல்லாமல், மாதந்தோறும் திரும்பத் திரும்ப வரும் தலைவலியைச் சைனஸ் என்று தள்ளிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

குறிஞ்சிமலர் (விருதுநகர்)

மருந்தாளுநர் ஐயாவுக்கு: காபீன் கலந்த மாத்திரைதான் போடுகிறேன். நீங்கள் சொல்லும் 10 நாள் எல்லையை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். இந்த எல்லையைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

தலைமையாசிரியர் ஐயாவுக்கு: நீங்கள் அன்போடு எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் வலி வந்தால் வரட்டும் என்று உட்கார்ந்த நாட்களும் உண்டு. கேள்வியின் முதல் வரியைப் படித்துக் கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்துபோன நிலையில் ஒரு மாதிரித் தேர்வை எழுதி முடித்தேன். அதில் கிடைத்த மதிப்பெண் என்னைப் பற்றிச் சொன்னதா, அன்றைய தலையைப் பற்றிச் சொன்னதா என்று எனக்கே விளங்கவில்லை. அதன் பிறகுதான் மாதிரித் தேர்வுக்குப் போகும் விருப்பமே குறைந்தது.

கடற்காற்று (பருத்தித்துறை)

தங்கச்சிக்கு, நான் ஓர் ஆசிரியை. எங்கள் பக்கத்தில் தலையிடி என்றே சொல்லுவோம். எனக்கும் உண்டு, என் மகளுக்கும் உண்டு, அவள் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலம் முழுவதும் இருவரும் அதனோடுதான் வாழ்ந்தோம். ஆகவே, முதல் நாள் தாயிடம் எரிந்து விழுவதைப் பற்றி நீங்கள் எழுதியதைத் தாயின் பக்கத்திலிருந்தும் மகளின் பக்கத்திலிருந்தும் என்னால் வாசிக்க முடிகிறது.

அந்த எரிச்சல் பெரும்பாலும் தலையிடித் தாக்கத்தின் தொடக்கமே. ஒற்றைத் தலையிடி வலியோடு தொடங்குவதில்லை. சில மணித்தியாலங்களுக்கு முன்னரோ ஒரு நாளுக்கு முன்னரோ அடிக்கடி கொட்டாவி வருதல், கழுத்து இறுக்கம், இனிப்பின் மீது திடீர் ஆசை, காரணமற்ற கவலை, சிடுசிடுப்பு, கவனக் குலைவு ஆகியவை பலருக்குத் தோன்றுகின்றன. வலி தொடங்குவதற்கு முன்னரே, பசி, உறக்கம், உடல் வெப்பம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் ஹைப்போதலமஸ் என்ற மூளைப் பகுதியின் செயற்பாடு மாறுவதை மூளைப் படமாக்கல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலி அடங்கிய பின்னரும் ஒரு நாள் வரை களைப்பும் மந்தமும் நீடிக்கும். எனவே, நீங்கள் ஒரு நாள் தாக்கம் என்று கணக்கிடுவது உண்மையில் இரண்டு, மூன்று நாட்களை எடுத்துக்கொள்கிறது. அந்த இரண்டாம் மூன்றாம் நாட்களில் மற்றவர்கள் உங்களைச் சோம்பேறி என்கிறார்கள், நீங்களும் அதை நம்புகிறீர்கள்.

இதை அறிந்துகொண்டதால் வீட்டில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். மகள் சாப்பாட்டில் குறை சொல்லத் தொடங்கினால், அவளோடு வாதிடுவதை விட்டுவிட்டு, அன்றிரவு நேரத்தோடு படுக்கவும் அடுத்த நாள் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாமல் இருக்கவும் பார்த்துக்கொண்டேன். எல்லா முறையும் அது உதவவில்லை. ஆயினும் அவள் தன்னைக் கெட்ட குணமுள்ளவள் என்று நினைப்பது குறைந்தது. எரிச்சலுக்கு நோய் காரணமாக இருக்கலாம், ஆனால் அதற்காகப் பிறரை எதுவும் சொல்லலாம் என்றாகாது என்பதையும் நான் அவளிடம் ஒளிக்கவில்லை.

சோழிங்கநல்லூரான் (மென்பொருள் துறை)

மன உறுதி குறித்துத் தலைமையாசிரியர் ஐயா எழுதியதற்கு ஒரு மறுப்பு. முகத்தின் உணர்வைக் கடத்தும் முக்கிளை நரம்பின் முனைகளிலிருந்து வெளியாகும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்துணுக்கு ஒற்றைத் தலைவலியில் முதன்மையான பங்கு வகிக்கிறது. அதை இரத்தநாளத்தில் செலுத்தினால், இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குத் தாக்கம் வந்துவிடுகிறது. நோய் வரும் வழியைக் கண்டறிந்ததற்காக லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி, மைக்கேல் மோஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலெசன் ஆகிய நால்வருக்கும் 2021ஆம் ஆண்டின் மூளைப் பரிசு வழங்கப்பட்டது. சி.ஜி.ஆர்.பி. செல்களில் ஒட்டும் இடமான ஏற்பியைத் தடுக்கும் எரெனுமாப் என்ற ஊசிமருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஊசியால் தடுக்கக்கூடிய ஒன்றை மன உறுதிக் குறைவு என்று சொல்வது முறையாகாது.

என் அனுபவம் வேறொரு பக்கத்தைச் சேர்ந்தது. மருந்தும் இலக்கைப் பாதிக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வலி வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் தடுப்பு மருந்தாக எனக்கு முதலில் டோபிரமேட் எழுதிக்கொடுத்தார்கள். தலைவலி நாட்கள் குறைந்தன. ஆனால் கூட்டங்களில் பேசிக்கொண்டிருக்கும்போது சாதாரணச் சொற்கள் நாக்கில் வராமல் நின்றன. நான் எழுதிய நிரலை நானே விளக்க முடியாமல் திணறினேன். அது அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு என்று மருத்துவர் விளக்கி, வேறு மருந்துக்கு மாற்றினார். குரூப் 2 முதன்மைத் தேர்வு விரித்து எழுத வேண்டியது என்பதால், நீங்கள் என்ன தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் நாட்டில் பரவலாகக் கொடுக்கப்படும் ஃப்ளூனாரிசின் சிலருக்கு உறக்க மயக்கத்தையும் உடல் எடையையும் கூட்டும். மனச்சோர்வை உண்டாக்கவோ ஏற்கெனவே இருப்பதை ஆழப்படுத்தவோ கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புரோப்ரனோலால் ஆகாது. அமிட்ரிப்டிலின் உறக்கத்தைத் தருவதால், தூக்கம் கெட்டவர்களுக்குப் பயன்படும். மறுநாள் காலையில் மந்தம் இருக்கலாம். கருவுறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு டோபிரமேட்டும் வால்ப்ரோயேட்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. மனநிலையைப் பற்றி மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியதற்கு இவ்வளவு காரணங்கள் இருக்கின்றன.

இன்னொன்று: தடுப்பு மருந்து எதுவானாலும், தக்க அளவை எட்டியபின் இரண்டு மாதங்களாவது எடுத்துப் பார்த்த பிறகுதான் பயன் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய முடியும். தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே மருத்துவர்கள் அதை நல்ல பலன் என்று கொள்கிறார்கள். முற்றிலும் நின்றுவிடும் என்று எதிர்பார்த்து, இரண்டாம் வாரத்தில் ஏமாந்து மருந்தை விட்டவர்களை என் அலுவலகத்திலேயே எனக்குத் தெரியும்.

தாமரைக்குளம் (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

தம்பி சோழிங்கநல்லூரான் சொல்லும் அறிவியலை நான் மறுக்கவில்லை. என் கவலை வேறு. முதலில் நோய் குணமாகட்டும், பிறகு படிக்கலாம் என்று ஒத்திவைத்தவர்கள் படிப்புக்குத் திரும்பி வராததை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் ஒரு மருந்து, பிறகு மாற்று மருந்து என்று போனால், ஆண்டு ஒன்று கழிந்துவிடும்; அந்த ஆண்டில் இந்தப் பெண் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே? மருத்துவம் ஒரு பக்கம் நடக்கட்டும். தினமும் அமர்வது என்ற பழக்கம் அறுந்துபோனால், தலைவலி நின்றாலும் அதை மீண்டும் கட்டுவது கடினம்.

நிழற்சாலை (உளவியல் ஆலோசகர், கோயம்புத்தூர்)

ஐயா கேட்ட கேள்வி சரியானது என்று கருதுகிறேன்; அவர் சொன்ன வழியில் எனக்குப் பாதி உடன்பாடு.

முதலில் சகோதரியின் கேள்வி. சோர்வு நோயின் பகுதியா, விளைவா? இரண்டும்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் நவோமி பிரெஸ்லாவ் குழுவினர் மக்களைத் தொடர்ந்து கண்காணித்து நடத்திய ஆய்வுகளில், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்குப் பின்னாளில் ஒற்றைத் தலைவலி புதிதாகத் தொடங்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. வலியால் மனம் தளர்கிறது என்ற ஒருவழி விளக்கம் மட்டும் இதற்குப் போதாது. இரண்டுக்கும் அடியில் பொதுவான காரணங்கள் இருக்க வேண்டும். இது அரிதான நோயும் அன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் பங்கேற்ற கர்நாடக ஆய்வு ஒன்றில், 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம்.

ஆனால் குறிஞ்சிமலரின் பதிவில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம், வலிக்காத நாட்களைப் பற்றியது. தலைவலியின் பாதிப்பை அளக்க மருத்துவர்கள் மைடாஸ் என்ற வினாப்பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த மூன்று மாதங்களில் தலைவலியால் வேலைக்கோ படிப்புக்கோ போகாத நாட்கள், போயும் பாதித் திறனுக்குக் கீழ் இயங்கிய நாட்கள், வீட்டுவேலை செய்ய முடியாத நாட்கள், அதிலும் பாதியே முடிந்த நாட்கள், குடும்ப நிகழ்வுகளையும் பொழுதுபோக்கையும் இழந்த நாட்கள் என்று ஐந்து கேள்விகள் இருக்கும். கூட்டுத்தொகை 21ஐ எட்டினால் கடுமையான பாதிப்பு. பயனுள்ள கருவி அது. சம்பளமில்லாத வீட்டுவேலையைத் தனியாகக் கணக்கில் எடுப்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பும் உண்டு. ஆயினும், வலி வந்துவிடுமோ என்று அஞ்சி, வலியே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தவறவிட்ட மாதிரித் தேர்வுக்கு அந்த ஐந்து கேள்விகளிலும் இடமில்லை. நாள்பட்ட தலைவலி ஒருவரின் இலக்கைப் பறிப்பது பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராத நாட்களின் வழியாகத்தான் என்பது என் துணிபு. வலி மாதத்தில் பாதியை எடுத்துக்கொள்கிறது. அச்சம் மீதிப் பாதியைக் கேட்கிறது.

இந்த அச்சத்துக்கு ஒரு தருக்கம் உண்டு. தவிர்த்த நாளில் வலி வராவிட்டால், தவிர்த்ததால்தான் வரவில்லை என்று மனம் முடிவு செய்துகொள்கிறது. அப்படியே ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, எதைச் செய்ய விரும்பினோம் என்பதே மங்கிப்போகிறது. அதற்கு எதிர்ப்புறத்தில் இன்னொரு பழக்கம் இருக்கிறது: வலி இல்லாத நாள் கிடைத்துவிட்டால், இழந்ததையெல்லாம் ஒரே நாளில் மீட்கும் வெறியோடு, சாப்பாட்டையும் உறக்கத்தையும் விட்டுப் படிப்பது. பட்டினியும் உறக்கக் குறைவும் அறியப்பட்ட தூண்டுதல்கள் என்பதால், அடுத்த நாள் வலி வருகிறது. படித்ததால் வந்தது என்று அச்சம் மேலும் உறுதிப்படுகிறது. வந்தால் வரட்டும் என்று உட்காருங்கள் என ஐயா சொல்வது, அவர் நினைக்காமலேயே, இந்த இரண்டாவது பழக்கத்துக்குக் கொண்டுபோய்விடக்கூடும்.

நான் பரிந்துரைப்பது, நல்ல நாளுக்கும் ஓரளவு மோசமான நாளுக்கும் ஒரே அளவைக் குறித்துக்கொள்வது. ஒரு மணி நேரம் என்றால், நல்ல நாளிலும் அதற்கு மேல் சிறிதளவே போக வேண்டும். எரிச்சலும் மந்தமும் உள்ள நாளில் அதே நேரத்தைப் பழைய வினாத்தாளைப் புரட்டுவதற்கோ ஒலிவடிவில் பாடம் கேட்பதற்கோ கொடுக்கலாம். கடும் வலி நாளில் எதுவும் வேண்டாம். அந்த நாளை ஈடுகட்டவும் வேண்டாம். வாரம் ஒன்று போன பிறகு அளவைக் கூட்டுங்கள். தினமும் அமரும் பழக்கம் அறுந்துவிடக் கூடாது என்று ஐயா சொன்னதில் எனக்கு உடன்பாடு இங்கேதான். மருந்தோடு உளவியல் பயிற்சியும் சேரும்போது பலன் கூடுகிறது என்பதற்குச் சான்றுண்டு: நாள்பட்ட ஒற்றைத் தலைவலியுள்ள 10 முதல் 17 வயதினர் 135 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், அமிட்ரிப்டிலினோடு அறிதல்-நடத்தைச் சிகிச்சையும் பெற்றவர்களுக்குத் தலைவலி நாட்கள், அதே மருந்தோடு தலைவலி பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தன.

எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வதே சுமை என்ற எண்ணம் எழுந்தாலோ, அதைத் தலைவலியின் கணக்கில் எழுதிவிடாமல் தனியாகக் காட்ட வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416 இலவசமானது; தமிழிலும் பேசலாம்.

செம்பருத்தி (திருப்பூர்)

எனக்குத் தேர்வு ஏதும் இல்லை. சொந்தமாக நான்கு தையல் இயந்திரங்கள் போட வேண்டும் என்பதே என் இலக்கு. பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குத் தலைவலி நாள் என்பது சம்பளமில்லாத நாள். மேற்பார்வையாளரிடம் காய்ச்சல் என்றால் நம்புவார்கள். தலைவலி என்றால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். மருந்தாளுநர் அண்ணன் சொன்ன அந்த 10 நாள் கணக்கு இப்படித்தான் கூடுகிறது.

எனக்குத் திருமணப் பேச்சு நடந்தபோது, தலைவலி பற்றி மாப்பிள்ளை வீட்டில் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். திருமணமான பிறகு, வலி வந்த நாட்களில் அதை மறைத்துக்கொண்டே சமைத்தேன். மறைப்பதற்குச் செலவான தெம்பு வலிக்குச் செலவானதைவிட அதிகம் என்றே சொல்வேன். என் கணவரிடம் சொல்லிவிட்ட பிறகு வலி குறைந்துவிடவில்லை. ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற பேச்சு நின்றது.

தலைக்குக் குளிப்பதைப் பற்றி: அது வீட்டார் கட்டிவிட்ட கதை அன்று. தலைமுழுகுவது சிலருக்கு ஒற்றைத் தலைவலியைத் தூண்டுவதை இந்திய மருத்துவர்களே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள் என்று என்னைப் பார்த்த மருத்துவர் சொன்னார். அதற்காகக் குளிக்காமல் இருக்க வேண்டியதில்லை. ஈரத் தலையோடு வெறும் வயிற்றில் பேருந்துக்கு ஓடாமல் இருந்தாலே எனக்கு வித்தியாசம் தெரிகிறது. மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் வலி கடுமையாகும் என்பதையும் அவரே விளக்கினார். அந்த நாட்களில் நான் அவசர ஆர்டர் எடுப்பதில்லை. இயந்திரம் வாங்குவது தள்ளிப்போயிருக்கிறது, கைவிடவில்லை.

குறிஞ்சிமலர் (விருதுநகர்)

எழுதிய அனைவருக்கும் நன்றி. நிழற்சாலை எழுதிய ஒரு பகுதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சைனஸ் என்ற பேச்சு இரண்டு நாட்களாக வீட்டில் எழவில்லை.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு அடுத்த வாரம் அண்ணனோடு போகிறேன். வலி வந்த நாள், மாத்திரை போட்ட நாள், மாதவிலக்கு நாள் ஆகியவற்றோடு, வலியில்லாமலே நான் ஒதுக்கிய நாளையும் ஒரு நாட்குறிப்பில் குறித்துவருகிறேன். கடைசியாகச் சொன்னது மருத்துவருக்குத் தேவைப்படாமல் போகலாம், எனக்குத் தேவைப்படுகிறது. படிப்பு நேரத்தைக் காலையில் ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டேன். இது மிகவும் குறைவு என்ற உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. உடன் படிப்பவர்கள் எட்டு மணி நேரம் என்று பேசும்போது நான் அங்கிருந்து எழுந்துவிடுகிறேன்.

இந்த ஆண்டுத் தேர்வை எழுதுவதா விடுவதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. தலைமையாசிரியர் ஐயா எழுதச் சொல்வார் என்று தெரியும். முதல்நிலைத் தேர்வு 200 கேள்விகள், மூன்று மணி நேரம். அன்று காலையில் வலி தொடங்கிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இப்போது என்னிடம் மிஞ்சியிருக்கும் கேள்வி. மருந்தாளுநர் ஐயா விளக்குவீர்களா?

தாமரைக்குளம் (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

எழுதச் சொல்கிறேன், மகளே. விண்ணப்பம் மட்டுமாவது போட்டு வையுங்கள். போவதா வேண்டாமா என்பதைத் தேர்வன்று காலையில் முடிவு செய்துகொள்ளலாம். ஒரு மணி நேரம் குறைவானதன்று. தினமும் ஒரு மணி நேரம் தவறாமல் உட்காரும் மாணவர்கள் என் வகுப்பில் எப்போதுமே குறைவாகத்தான் இருந்தார்கள்.

கடைவீதி மருந்தாளுநர் (திருநெல்வேலி)

சகோதரிக்கு: இந்தக் கேள்வியை அப்படியே மருத்துவரிடம் கேளுங்கள், தேர்வு நாளுக்கென்று ஒரு திட்டத்தை அவர் எழுதித் தருவார். கேட்கும்போது உதவக்கூடிய சில செய்திகளை மட்டும் சொல்கிறேன். சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் போன்றவை ஒற்றைத் தலைவலிக்கென்றே உருவானவை. வலி இலேசாக இருக்கும்போதே எடுத்தால் நன்றாக வேலை செய்யும். முற்றிய பிறகு எடுத்தால் பலன் குறையும். குமட்டல் உள்ளவர்களுக்கு வாயில் கரையும் ரிசாட்ரிப்டான் மாத்திரை வசதியானது. சிலருக்கு மார்பில் இறுக்கமும் தலைச்சுற்றலும் தரும் என்பதால், தேர்வன்று முதன்முதலாகப் போட்டுப் பார்க்கக் கூடாது. முன்னரே ஒரு சாதாரண நாளில் வீட்டில் பழகியிருக்க வேண்டும். இதயநோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு இவை ஆகா. மாதத்தில் 10 நாள் எல்லை இவற்றுக்கும் பொருந்தும்.

இப்போது போடும் கூட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னால், முதல் சில நாட்களில், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேல், வலி கூடுதலாக இருக்கும். அந்த நாட்களை மாதிரித் தேர்வோ வீட்டு விசேஷமோ இல்லாத வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று இடி விழுந்தாற்போல் தொடங்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் நாட்குறிப்பை மூடி வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் மருத்துவரிடம் போகும்போது பழைய மருந்துச் சீட்டுகளையும், இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது மருத்துவருக்கு எளிது.